மக்கள் வண்டியின் மூச்சுக்குழல்

ஒரு பொருளுக்கு இட்டு வழங்கும் பெயர், அப்பொருள் செய்யும் தொழிலைச் சில சமயம் மிகைப்படுத்திக் கூறிவிடுகிறது. மோட்டார் வண்டியில் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் உறுப்பைக் கார்புரேட்டர் என்கிறோம். கரியத்தோடு கூட்டுதல் என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்தது அப்பெயர். ஜெர்மானியரோ அதனை ‘பெர்காசர்’ என்பர். ‘வாயுவாக்குவது’ என்பது அதன் பொருள். உண்மையில் கார்புரேட்டர் பெட்ரோலை வாயுவாக்குவதில்லை. நுண்ணிய துளிகளாகத் தூவுவதோடு அதன் பணி பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அத்துளிகளை ஆவியாக்கி, சிலிண்டர்களுக்குப் பங்கிட்டுத் தரும் பொறுப்பு அதனை அடுத்துள்ள குழாயைச் சேர்ந்தது. பட்டறைகளில் அக்குழாயை ‘மேனிபோல்டு’ என்பர். பெயரும் புகழும் கார்புரேட்டருக்கு வாய்த்தன. உழைப்பில் பாதி இக்குழாய்க்கு வாய்த்தது.

இவ்விரண்டிற்கும் உள்ள உறவை நன்கு காட்டவல்லது ‘வண்டு’ என்று உலகோர் செல்லமாக அழைத்த ஃபோக்ஸ்வாகன் கார். அவ்வகையின் கடைசி வண்டி 2003 ஜூலை 30 அன்று மெக்சிகோ நாட்டின் புவெப்லா நகரில் உருவாயிற்று. அதற்குள் 2,15,29,464 வண்டிகள் வெளிவந்திருந்தன. அவற்றுள் இன்றும் ஓடுபவை பல. அவற்றின் உரிமையாளர், என்ஜின் தடுமாறத் தொடங்கியதும் முதலில் செய்வது கார்புரேட்டரை மாற்றுவதாகும். புதியது பூட்டியும் தடுமாற்றம் நீங்காமல் திகைப்பவர் உண்டு. அத்திகைப்புக்கு விடை அந்த என்ஜினின் வரலாற்றிலேயே அடங்கியிருக்கிறது.

கார்ல் பென்ஸ் 1886-இல் உரிமைப் பட்டயம் பெற்ற மூன்று சக்கர வண்டியில், காற்றானது பெட்ரோலின் மேற்பரப்பைத் தடவிச் சென்று ஆவியை ஏந்திக்கொண்டு என்ஜினுக்குப் போயிற்று. மெய்யாகவே அது ‘வாயுவாக்கும்’ கருவிதான். ஆயினும் பெட்ரோலில் இலேசான பகுதி முதலில் ஆவியாகிவிடும். கனமான பகுதி எஞ்சி நிற்கும். பெரிய என்ஜினின் பசிக்கும் அம்முறை ஈடுகொடுக்கவில்லை. 1893-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மைபாக் என்பாரும், ஹங்கேரியில் டோனாட் பாங்கி, யானோஷ் சோங்கா என்னும் இருவரும் வேறொரு வழியைக் கண்டனர். காற்றை ஒரு குறுகிய தொண்டை வழியே இழுத்தால் அதன் வேகம் கூடும், அழுத்தம் குறையும், அக்குறைவினால் பெட்ரோல் சிறு துவாரத்தின் வழியாகப் பீறிட்டுச் சிதறும். இந்த முறையே உலகெங்கும் நிலைத்தது. வேகமும் அளவும் கைவசமாயின. ஆனால் ஆவிக்குப் பதிலாகத் துளி வந்துவிட்டது. துளியை ஆவியாக்க வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தை எங்கிருந்து பெறுவது என்னும் வினா அன்று முதல் என்ஜின் அமைப்போரைத் தொடர்ந்து வந்தது.

நம் ஊர் மண்பானையும், வடபுலத்தில் வழங்கும் நீண்ட கழுத்துடைய சுராஹியும் நீரைக் குளிர்விப்பது எவ்வாறு என்பதை நேயர்கள் அறிவர். கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. பெட்ரோல் நீரைவிட விரைவில் ஆவியாவது. கார்புரேட்டரின் தொண்டையில் அது ஆவியாகும்போது, அங்குள்ள வெப்பநிலை 20 டிகிரிக்கும் மேலாகக் குறைந்துவிடக்கூடும். வெளியே 10 டிகிரி வெப்பம் உள்ள ஈரமான நாளில், காற்றிலுள்ள நீராவி அத்தொண்டையிலேயே பனிக்கட்டியாக உறைந்து வழியை அடைத்துவிடும். தண்ணீரால் குளிர்விக்கப்படும் என்ஜின்களில் இதற்கு எளிய பரிகாரம் உண்டு. சூடேறிய தண்ணீரில் ஒரு பகுதியை மேனிபோல்டைச் சுற்றி ஓடவிட்டால் போதும். நேராக நிற்கும் பல என்ஜின்களில் புகை வெளியேறும் குழாயும் கலவை செல்லும் குழாயும் அடுத்தடுத்து இருப்பதால், ஒன்றின் வெப்பம் மற்றொன்றுக்கு எளிதில் கிட்டும்.

பெர்டினாண்ட் போர்ஷே 1934-இல் ஜெர்மனியில் மக்கள் வண்டியை வடிவமைக்கும் பணியை ஏற்றபோது, தண்ணீரையே விலக்கத் துணிந்தார். சாமானியரின் வண்டி கொட்டகை இன்றித் தெருவில் இரவைக் கழிக்கும். பனிக்காலத்தில் ரேடியேட்டர்த் தண்ணீர் உறைந்து விரிந்தால் என்ஜினே பிளந்துபோகும். ஆகவே விசிறியின் காற்றால் குளிரும் என்ஜினே ஏற்றது என்று தெளிந்தார். அவருடன் பணியாற்றிய பிரான்ஸ் ரைம்ஸ்பீஸ் வரைந்த அமைப்பில், நான்கு சிலிண்டர்களும் இருபுறமும் இரண்டிரண்டாகப் படுத்த நிலையில் அமைந்தன. உறுதியும் எளிமையும் வாய்ந்த அமைப்பு அது. ஆனால் கார்புரேட்டர் நடுவில் ஒன்றே ஒன்று. அங்கிருந்து கலவை இருபுறமும் நீண்ட இரும்புக் குழாயில் பயணம் செய்துதான் சிலிண்டர்களை அடைய வேண்டும். அருகில் வெந்நீர் இல்லை, புகைக்குழாயும் இல்லை. ரேடியேட்டரிலிருந்து துரத்தப்பட்ட நீர், காற்றின் வழியே வந்து கார்புரேட்டரில் பனியாக அமர்ந்துகொண்டது!

இதற்கு மாற்றாக ஓர் உபாயம் செய்தனர். மேனிபோல்டோடு ஒட்டியவாறு மற்றொரு மெல்லிய குழாயைப் பொருத்தி, சைலன்சருக்குச் செல்லும் சூடான புகையில் சிறு பகுதியை அதன் வழியே ஒரு புறத்திலிருந்து மறுபுறத்துக்கு ஓடவிட்டனர். கார்புரேட்டரின் அடிப்பகுதி அதனால் சூடேறும். வெந்நீர் செய்ய வேண்டிய வேலையைப் புகை செய்தது. காரோட்டிகள் பலர் கண்டறியாத இச்சிறு குழாயே அந்த என்ஜினின் சீரான மூச்சுக்குக் காவலாக நின்றது.

உலகப் போர் முடிந்த 1945-இல், குண்டுவீச்சால் சிதைந்த அத்தொழிற்சாலை பிரிட்டிஷ் இராணுவத்தின் பொறுப்பில் வந்தது. மேஜர் ஐவன் ஹர்ஸ்ட் அதனை நடத்தினார். வண்டிகளை மீண்டும் உருவாக்க முனைந்தபோது கார்புரேட்டர் கிடைக்கவில்லை. அவர் ஒன்றைப் பிரித்து உறுப்புகளை ஆராய்ந்தார். பெரிய வார்ப்புகளைத் தொழிற்சாலையிலேயே செய்வது என்றும், மிதவை, தெளிதுளை முதலிய நுண்ணிய உறுப்புகளை அருகிலுள்ள பிரன்ஸ்விக் நகரத்து ஃபோய்க்ட்லேண்டர் தொழிற்சாலையில் செய்விப்பது என்றும் ஏற்பாடாயிற்று. புகைப்படக் கருவிக்குப் பெயர்போன தொழிற்சாலை அது. ஒளியை அளந்து பழகிய கைகள் பெட்ரோலை அளக்கும் துளைகளையும் செய்தளித்தன.

பின்னர் வந்த ஆண்டுகளில் சோலெக்ஸ் என்னும் பெயருடைய கார்புரேட்டர்கள் வண்டியோடு வளர்ந்தன. 1954-இல் 30 குதிரைத்திறன், 1960-இல் 34 குதிரைத்திறன் என என்ஜின் வலுவடைந்தது. 28 பிக்ட், 30 பிக்ட், 34 பிக்ட் என்று கார்புரேட்டரின் எண்ணும் உயர்ந்தது. அவ்வெண், கலவையை விடுக்கும் வாயின் அளவை மில்லிமீட்டரில் குறிப்பதாகும். 1971-ஆம் ஆண்டு மாதிரியில் பெரிய மாறுதல் ஒன்று நேர்ந்தது. அதுவரை ஒவ்வொரு புறத்து இரு சிலிண்டர்களுக்கும் கலவை புகும் வாசல் ஒன்றே. இனி இரண்டு வாசல்கள். ஒரே துண்டாக இருந்த மேனிபோல்டு மூன்று துண்டாயிற்று. நடுவில் புகைக்குழாயோடு கூடிய இரும்புத் துண்டு. இரு முனைகளிலும் அலுமினிய வார்ப்புகள். இவற்றை இணைக்க ரப்பர் உறைகள்.

இந்த ரப்பர் உறைகளிலிருந்து ஒரு புதிய துன்பம் பிறந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல ரப்பர் வறண்டு வெடிக்கும். வெடிப்பின் வழியே கணக்கில் வராத காற்று உள்ளே புகும். கலவையில் நிறை அளவில் பெட்ரோல் 1 பங்குக்குக் காற்று ஏறத்தாழ 15 பங்கு இருத்தல் வேண்டும். காற்று மிகுந்தால் என்ஜின் அளவுக்கு மீறிச் சூடேறும். காற்றால் குளிரும் என்ஜினுக்கு அது பொல்லாத நோய். அதிலும் பழைய அமைப்பில் எண்ணெய் குளிர்விக்கும் கருவி, மூன்றாம் சிலிண்டருக்குச் செல்லும் காற்றை மறித்து நின்றது. அச்சிலிண்டரின் வால்வுகள் கருகி ஒடிவதைப் பட்டறைக்காரர் நெடுங்காலம் கண்டு வந்தனர். 1971 மாதிரியில் அக்கருவியை விலக்கி வைத்து அக்குறையைத் தணித்தனர். பழைய வண்டியில் கலவையின் அளவு பிழைபட்டால் முதலில் பலியாவது அந்த மூன்றாம் சிலிண்டரே.

குழாயின் நீளமே குறையானால், குழாயைக் குறுக்கிவிடலாமே என்று எண்ணியவர்களும் இருந்தனர். ஜெர்மனியில் கெர்ஹார்ட் எட்டிங்கர் என்பார் 1950-களில் ‘ஒக்ராசா’ என்னும் பெயரில் இரட்டைக் கார்புரேட்டர்த் தொகுதியை விற்றார். ஒவ்வொரு புறத்துக்கும் ஒன்று. சூடான சிலிண்டர்த் தலைக்கு மிக அருகில் அமைந்ததால் கலவையின் பயணம் குறுகிவிட்டது. பிரேசில் நாட்டில் 1986-இல் நின்றுபோன இவ்வண்டியின் உற்பத்தியை, அந்நாட்டு அதிபர் இட்டமார் ஃபிராங்கோவின் தூண்டுதலால் 1993-இல் மீண்டும் தொடங்கி 1996 வரை நடத்தினர். அவ்வண்டிகளுக்கும் இரட்டைக் கார்புரேட்டரே. இரட்டையில் சிக்கல் வேறு: இரண்டும் ஒரே அளவில் மூச்சு விட வேண்டும். ஒன்று முந்தி மற்றொன்று பிந்தினால், ஒரே நுகத்தில் பூட்டிய இருவேறு நடையுள்ள மாடுகளைப் போல என்ஜின் அல்லற்படும்.

அமெரிக்காவில் கதை எதிர்த்திசையில் சென்றது. 1970-இல் அந்நாடு காற்று மாசைத் தடுக்கக் கடுமையான சட்டம் இயற்றியது. 1975 முதல் அங்கு அனுப்பிய வண்டுகளில் கார்புரேட்டர் நீக்கப்பட்டு, மின் கருவியின் கட்டளைப்படி பெட்ரோலைப் பீய்ச்சும் முறை வந்தது. பெட்ரோல் சிலிண்டரின் வாசலருகே தெளிக்கப்படுவதால், மேனிபோல்டில் செல்வது வெறும் காற்று. புகைக்குழாய்க்கு அங்கே வேலையே இல்லை. ஆண்டுகள் கடந்தபின் அம்மின் உறுப்புகள் அரிதாயின, விலையும் உயர்ந்தது. ஆகவே பலர் பழைய கார்புரேட்டருக்கே திரும்பினர்.

அவ்வாறு திரும்புவோர், கார்புரேட்டரை மட்டும் கொண்டுவந்து வைத்தால் பயனில்லை. வெறும் காற்றுக்கென்று அமைந்த மேனிபோல்டு பெட்ரோல் துளியை ஆவியாக்காது. புகைக்குழாயோடு கூடிய மேனிபோல்டு வேண்டும். அக்குழாய்க்குப் புகை தர, அதற்கேற்ற வாய்கள் உள்ள சைலன்சர் வேண்டும். பீய்ச்சும் முறைக்கு உரிய மின்பம்பின் அழுத்தத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே கார்புரேட்டருக்குத் தேவை. பழைய பம்பையே விட்டுவைத்தால் பெட்ரோல் கார்புரேட்டரை மூழ்கடித்து வழியும். தீப்பொறியின் நேரத்தை ஒழுங்கு செய்யும் டிஸ்ட்ரிபியூட்டரும் கார்புரேட்டருக்கு இணங்கியதாக இருத்தல் வேண்டும். 34 பிக்ட்-3 கார்புரேட்டரை, வெற்றிட இழுவையால் இயங்காத டிஸ்ட்ரிபியூட்டரோடு சேர்த்தால், வேகத்தைக் கூட்டும் கணத்தில் என்ஜின் தயங்கி விக்குவது பலரும் கண்டது. ஓர் உறுப்பை மாற்றப் புகுந்தவர் நான்கு உறுப்புகளின் உறவை அறிய வேண்டியவராகிறார்.

பழைய கார்புரேட்டரை ஆராயாமல் விடுவதிலும் பேராபத்து உண்டு. பெட்ரோல் உள்ளே வரும் பித்தளைக் குழல், கார்புரேட்டரின் உடலில் அழுத்திச் செருகப்பட்டது. பல்லாண்டுச் சூட்டாலும் அதிர்வாலும் அது தளர்ந்து கழன்றுவிடக்கூடும். அப்போது பெட்ரோல் சூடான என்ஜின்மேல் கொட்டும்; தீப்பொறியோடு பழகும் டிஸ்ட்ரிபியூட்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. என்ஜினின் அடிக்கூடு மக்னீசியக் கலவையால் ஆனது. அது பற்றிக்கொண்டால், ஊற்றும் தண்ணீரே தீயை மூர்க்கமாக்கும். இவ்வாறு கருகிப்போன வண்டிகள் பல. எனவே அக்குழல் உறுதியாக உள்ளதா, பெட்ரோல் செல்லும் ரப்பர்க் குழாயில் வெடிப்பு உண்டா என்று பார்ப்பது உயிரைக் காக்கும் வேலை.

புதிய கார்புரேட்டருக்குப் பணம் செலவிடுமுன் செய்யத்தக்க எளிய சோதனை ஒன்று உண்டு. என்ஜினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, மேனிபோல்டோடு ஒட்டிய புகைக்குழாயின் இரு முனைகளுக்கும் அருகே கையை எச்சரிக்கையாகக் கொண்டு செல்ல வேண்டும். இரண்டும் தகித்தால் வழி திறந்திருக்கிறது. குளிர்ந்து கிடந்தால் உள்ளே கரி அடைத்துவிட்டது என்று கொள்ளலாம். அந்நிலையில் எத்தனை கார்புரேட்டர் மாற்றினும் குளிர்காலக் காலையில் தடுமாற்றம் தீராது. மாற்ற வேண்டியது மேனிபோல்டே.

என்ஜினிலிருந்து தண்ணீரை விலக்கிய போர்ஷேயின் முடிவு, உலகில் இரண்டு கோடிக்கு மேற்பட்ட வண்டிகளை உருவாக்கிய முடிவு. அம்முடிவுக்கு உரிய விலையை அந்த ஒல்லியான புகைக்குழாய் கடைசிவரை செலுத்தி வந்தது. ஒரு பழைய என்ஜினைச் செப்பனிடுவோர், அதில் ஒவ்வோர் உறுப்பும் எந்தக் குறையை ஈடுசெய்ய அங்கு வந்து சேர்ந்தது என்பதை முதலில் கேட்டறிதல் வேண்டும். அதை அறிந்தவரின் திருகுகோல் தவறான நட்டைத் தேடிப் போகாது.