மோகனும் சார்லியும்



விவிலியத்தில் ஒரே பக்கத்தில் முடிந்துவிடும் திருமுகம் ஒன்று உண்டு. திருத்தூதர் பவுல் பிலமோனுக்கு எழுதியது. தம்மை முதியவன் என்று சொல்லிக்கொண்டு, சிறையிலிருந்தபடி, ஒனேசிம் என்ற அடிமைக்காகத் தம் நண்பரிடம் மன்றாடுகிறார். நம் காலத்துக்கு அருகிலும் அடிமைப்பட்டவர்களுக்காக இரண்டு நண்பர்கள் முதுமைவரை கடிதம் எழுதிக்கொண்டார்கள்.

1834இல் பிரிட்டிஷ் காலனிகளில் அடிமைமுறை ஒழிந்தது. ஆனால் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே! ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கைநாட்டு வாங்கி, நம் ஏழைகளைக் கப்பலேற்றினார்கள். கடல் கடந்து வந்த பர்மா தேக்கைப் பற்றிச் செட்டிநாட்டில் நாம் பெருமையாகப் பேசுகிறோம். கடல் கடந்து நேட்டாலுக்கும் பீஜிக்கும் போன தமிழ்க் கூலிகளைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. அவர்களில் ஒருவர் பாலசுந்தரம். 1894இல் முதலாளியிடம் அடிபட்டு, வாயில் இரத்தம் ஒழுக, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி டர்பனில் காந்தியடிகள் முன் வந்து நின்றார். தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளும்படி காந்தி முதலில் சொன்னார்.

அதே டர்பனில் 1914 ஜனவரியில் கப்பலிலிருந்து இறங்கினார் ஆங்கிலிக்கன் குரு சி.எஃப். ஆண்ட்ரூஸ். காந்தியின் பாதத்தைத் தொட்டு வணங்கினார். அங்கிருந்த வெள்ளையர்களுக்கு அது பொறுக்கவில்லை. அடுத்த ஆண்டே நண்பர் பியர்சனோடு பீஜிக்குப் போய், கூலி லைன்களின் நிலையை நேரில் கண்டு அறிக்கை எழுதினார். 1917இல் ஆள் அனுப்புவது நின்றது. 1920 ஜனவரி 1 அன்று பீஜியில் எஞ்சியிருந்த ஒப்பந்தங்களும் ரத்தாயின.

வேலை முடிந்தது, கடிதங்கள் நிற்கவில்லை. காந்தியை 'மோகன்' என்று பெயர் சொல்லி அழைத்தவர்கள் மிகச் சிலர். ஆண்ட்ரூஸ் அவர்களில் ஒருவர். காந்திக்கு அவர் 'சார்லி'. பாசம் மட்டுமா அவற்றில் இருந்தது? 1918இல் காந்தி போருக்கு ஆள் சேர்த்தபோது ஆண்ட்ரூஸ் வாதாடினார். 1921இல் அந்நியத் துணிகளை எரித்தபோது, மனம் நொந்து கண்டித்து எழுதினார். காந்தி அந்தக் கடிதத்தை ஒளித்துவைக்கவில்லை. தம் 'யங் இந்தியா' இதழிலேயே அச்சிட்டு, கீழே பதிலும் எழுதினார். நாமோ மனவருத்தம் வந்தால் முதலில் பேச்சைத்தான் நிறுத்துகிறோம்.

1940 பிப்ரவரியில், கல்கத்தா மருத்துவமனையில் படுத்திருந்த ஆண்ட்ரூஸைக் காந்தி போய்ப் பார்த்தார். இவருக்கு 70 வயது, அவருக்கு 69. ஏப்ரல் 5 அன்று ஆண்ட்ரூஸ் இறைவனடி சேர்ந்தார். அவர் நேசித்த சாந்திநிகேதனுக்காக, அவர் பெயரில் ஐந்து லட்சம் ரூபாய் நிதி திரட்டுவது என்று முடிவாயிற்று. 1942இல், இவ்வளவு வயதில், காந்தி பம்பாய்க்குப் போய் அந்தப் பணத்தைக் கேட்டு வாங்கினார்.