மிளகின் மணமும் அரவையின் வெப்பமும்

மிளகின் குணத்துக்குக் காரணமான சேர்மங்கள் இரு வகைப்படும். காரம் தருவது பைப்பரின். உலர்ந்த மிளகில் ஏறத்தாழ 5 முதல் 9 விழுக்காடு வரை உள்ள இந்த ஆல்கலாய்டு எளிதில் ஆவியாகாது. மணம் தருவது 2 முதல் 4 விழுக்காடு வரையிலான, எளிதில் ஆவியாகும் எண்ணெய். பைனீன், சபினீன், லிமோனீன் ஆகிய மோனோடெர்ப்பீன்களும் அவற்றைவிடக் கனமான கேரியோஃபிலீனும் அதில் கலந்துள்ளன. அரைத்தால் மிளகின் ‘சத்து’ போய்விடும் என்று பொதுப்படையாகச் சொல்வதில் இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. போவது பெரும்பாலும் எண்ணெய்தான். பைப்பரின் ஏறக்குறைய அப்படியே தங்கிவிடுகிறது.

எண்ணெய் இழப்புக்கு முதற்காரணம் வெப்பம். அரவை எந்திரத்துக்குச் செல்லும் ஆற்றலில் மிகச் சிறு பங்கே பொருளை உடைக்கப் பயன்படுகிறது. மிச்சம் உராய்விலும் மோதலிலும் சூடாக மாறுகிறது. தொடர்ந்து ஓடும் மில்லில் பொடியின் வெப்பம் 90 பாகை செல்சியஸை நெருங்குவதுண்டு. பைனீனின் கொதிநிலை சுமார் 156 பாகை. ஆகவே அது மில்லில் கொதிப்பதில்லை. ஆனால் ஆவியாவதற்குக் கொதிக்க வேண்டிய அவசியமில்லை. சூடு ஏற ஏற ஆவியழுத்தம் கூடுகிறது, உள்ளே சுழலும் காற்று அந்த ஆவியை வெளியே தள்ளிவிடுகிறது. தெருமுனை அரவை மில்லைக் கடக்கும்போது மூக்கில் ஏறும் வாசம், பொடியில் இருந்திருக்க வேண்டியது. இலகுவான மோனோடெர்ப்பீன்கள் முதலில் போவதால் எண்ணெயின் அளவோடு அதன் கலவையும் மாறுகிறது.

இதற்கு மாற்றாக வந்ததே உறைகுளிர் அரவை. மைனஸ் 196 பாகையில் கொதிக்கும் திரவ நைட்ரஜனால் மிளகைக் குளிர்வித்து அரைக்கும் இம்முறையை மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் போன்றவை ஆராய்ந்துள்ளன. குளிரில் மிளகு நொறுங்கும் தன்மை பெறுகிறது. கொழுப்பு உருகிச் சல்லடையை அடைப்பதில்லை. நைட்ரஜன் ஆக்சிஜனையும் விலக்குகிறது. எண்ணெய் கூடுதலாகத் தங்குவதில் ஐயமில்லை. நைட்ரஜனின் செலவுதான் இதை ஏற்றுமதித் தரப் பொருள்களுக்கு உரியதாக்கி வைத்திருக்கிறது.

அம்மியில் அரைத்தால் குணம் குறையாது, மிக்ஸியில் அரைத்தால் போய்விடும் என்ற வாதம் பாதியளவே சரி. குழவி மெதுவாக நகர்கிறது, இடையிடையே தெளிக்கும் நீர் சூட்டை வாங்கிக்கொள்கிறது. மிக்ஸியின் பிளேடோ நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுழல்கிறது. ஆனால் விட்டுவிட்டு ஓட்டினால் மிக்ஸியிலும் சூடு அதிகம் ஏறாது. அம்மியின் பெருமையில் பெரும்பங்கு வேறொன்றுக்குச் சேர வேண்டும்: அதில் அரைத்தது அடுத்த சில நிமிடங்களில் குழம்பில் சேர்ந்துவிடுகிறது. மிக்ஸியைப் பழிப்போர் அதற்கு முன்னால் வாணலியில் நடப்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். கருக வறுத்த மிளகு, எந்தக் கல்லும் எந்திரமும் தொடும் முன்பே எண்ணெயில் ஒரு பகுதியை இழந்திருக்கும்.

கடுகின் கதை நேர்மாறானது. அதன் நெடிக்குக் காரணமான அல்லைல் ஐசோதயோசயனேட் முழுக் கடுகில் இல்லை. சினிக்ரின் என்ற சேர்மமும் மைரோசினேஸ் என்ற நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. திசு சிதைந்து நீரும் சேர்ந்தால்தான் இரண்டும் கலந்து நெடி பிறக்கிறது. பூண்டில் ‘அல்லியின்’ என்ற சேர்மம் அல்லிசினாவதும் இவ்வாறே. இங்கே அரவை அழிப்பதில்லை, ஆக்குகிறது. கடுகை முதலில் எண்ணெயில் பொரிய விட்டால் நொதி செயலிழந்துவிடும். அதனால்தான் தாளித்த கடுகில் நெடி இருப்பதில்லை, பச்சைக் கடுகை அரைத்துச் சேர்க்கும் பச்சடியில் இருக்கிறது.

அரைத்தபின் நிகழும் இழப்பு, அரைக்கும்போது நிகழ்வதைவிடச் சிறியதல்ல. பொடியாகும்போது காற்றுபடும் பரப்பு பன்மடங்கு பெருகுகிறது. மில்லிலிருந்து வந்த சாம்பார்ப் பொடியைச் செய்தித்தாளில் பரப்பி ஆற வைப்பது பல வீடுகளில் உள்ள பழக்கம். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் உள்ளே ஈரம் கோத்துப் பொடி கட்டிப்படும் என்பதால் ஆற்றுவது தேவை. ஆனால் அகலப் பரப்பி மணிக்கணக்கில் விடுவது எஞ்சிய மணத்தையும் வெளியேற்றும். மூடியிட்ட பாத்திரத்தில் சற்று நேரம் ஆற்றி, நீர் கோத்த மூடியைத் துடைத்து அடைப்பது மேல்.

நைசான பொடியிலிருந்து சேர்மங்கள் எளிதில் கரைந்து வரும் என்பது உண்மையே. ரசத்துக்கு அந்த நைசு வேண்டியதில்லை: சிற்றுரலில் ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகிலிருந்தே கொதிநீர் போதிய காரத்தையும் மணத்தையும் இழுத்துக்கொள்கிறது.