இறக்கையில்லா ஈ கொடுத்த பெயர்

பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் தென்னையிலிருந்து கள் இறக்கி வைத்ததுமே எள்ளளவு ஈக்கள் வந்து மொய்க்கும். இடுக்கி மலையில் பலாப்பழம் பிளந்தாலும் அவைதான் முதல் விருந்தாளி. கையால் விசிறிவிட்டு நாம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். இரைப்பைப் புற்றுநோய் ஆய்வில் அடிக்கடி அடிபடும் 'வின்ட்' என்ற புரதத்தின் பெயரில் பாதி, இப்படியொரு பழ ஈயிடமிருந்து வந்தது. அதுவும் நம் நாட்டிலிருந்து.

டெல்லி பூசாவிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆர்.பி. சர்மா பழ ஈக்களை வளர்த்து ஆராய்ந்துவந்தார். அவற்றில் சிலவற்றுக்கு ஒரு இறக்கையைக் காணோம். சிலவற்றுக்கு இரண்டுமே இல்லை. உற்றுப் பார்த்தால், இறக்கை முளைக்க வேண்டிய இடத்தில் முதுகுப் பகுதியே இன்னொரு தடவை உருவாகியிருந்தது. 1973இல் இதை அறிவித்து, 'விங்லெஸ்' என்று பெயரிட்டார். 1976இல் வி.எல். சோப்ராவுடன் சேர்ந்து விரிவான கட்டுரையும் எழுதினார்.

1982இல் அமெரிக்காவில் ரோல் நூசேயும் ஹெரால்டு வார்மஸும் எலிகளின் மார்பகப் புற்றை ஆராய்ந்தார்கள். ஒரு வைரஸ் எலியின் மரபணுத் தொடரில் தன்னைச் செருகிக்கொண்டு, பக்கத்திலிருந்த மரபணுவைத் தட்டி எழுப்புவதைக் கண்டார்கள். அதற்கு 'இன்ட்-1' என்று பெயர். 1987இல் பழ ஈயில் இன்ட்-1ஐத் தேடிப் போனவர்கள் திகைத்தார்கள்: அது சர்மாவின் விங்லெஸ்தான்! 1991இல் விங்லெஸ், இன்ட் இரண்டும் கலந்து 'வின்ட்' பிறந்தது.

வின்ட் என்பது ஒரு செல் அக்கம்பக்கத்துச் செல்லுக்கு அனுப்பும் சேதி. சேதி வராதவரை, செல்லுக்குள் பீட்டா-கேட்டனின் என்ற புரதம் உருவாக உருவாக அழிக்கப்படும். சேதி வந்துவிட்டால் அழிப்பு நிற்கும். பீட்டா-கேட்டனின் உட்கருவுக்குள் போய், செல் பெருகத் தேவையான மரபணுக்களை எழுப்பும். இரைப்பையின் உட்சுவர் ஓயாமல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டியது. அங்குள்ள குருத்தணுக்களுக்கு இந்தச் சேதி வேண்டும், அளவோடு.

அளவு தவறினால் ஆபத்து. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவின் சில வகைகள், ஊசி போடுவதுபோல 'காக்-ஏ' புரதத்தை இரைப்பைச் செல்லுக்குள் செலுத்துகின்றன. செல்லையும் செல்லையும் பிணைத்து வைக்கும் இ-கேடெரினின் பிடியை அது தளர்த்துகிறது. அதனோடு கட்டுண்டிருந்த பீட்டா-கேட்டனின் விடுபட்டு, சேதி வராமலேயே உட்கருவுக்குள் போகிறது. செல்லும் பெருகத் தொடங்குகிறது. பல ஆண்டுகளில் புற்றாக முற்றக்கூடிய வழிகளில் இதுவும் ஒன்று. 1994லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தப் பாக்டீரியாவைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் வைத்தது. உரிய மருந்துகளால் இதை ஒழிக்க முடியும் என்பது பெரிய ஆறுதல்.

சர்மா புற்றுநோயைத் தேடிப் போகவில்லை. இந்த ஈக்கு இறக்கை எங்கே என்றுதான் பார்த்தார். அந்தக் கேள்விக்கு ஒரு நாடு இடம் கொடுத்ததை நான் பெருமையாக நினைக்கிறேன். சித்தூரிலும் மூணாறிலும் படிக்கும் பிள்ளைகளுக்கும் அந்த வழி திறந்தே இருக்கிறது. கண்ணாடிப் புட்டிக்குள் கனிந்த வாழைப்பழத் துண்டு ஒன்றைப் போட்டு வையுங்கள்; ஈக்கள் தாமே வரும். உருப்பெருக்கியை எடுத்து, ஒவ்வொன்றாகப் பாருங்கள்.