மெண்டோசாவின் வாய்க்கால்: வைனுக்கு முன்னும் பின்னும்

அர்ஜென்டினாவின் மேற்கே, ஆண்டிஸ் மலைத்தொடரின் மழைமறைவுப் பகுதியில் கிடக்கும் மெண்டோசாவில் ஆண்டுக்குச் சுமார் 200 மில்லிமீட்டர் மழையே பெய்வதால், அங்கே திராட்சைக் கொடியின் வரலாறு பெரும்பாலும் வாய்க்காலின் வரலாறே ஆகும். 1561இல் ஸ்பானியர் நகரை நிறுவுவதற்கு முன்பே, ஹுவார்ப்பே என்னும் பழங்குடியினர் பனியுருகி வரும் ஆற்றுநீரை வாய்க்கால்களில் திருப்பி வேளாண்மை செய்துவந்தனர். வந்தேறியவர்கள் அவற்றை நீட்டி, அரபு வழியாகத் தம் மொழிக்கு வந்திருந்த 'அசேக்கியா' என்ற சொல்லால் அழைத்தனர். எனினும் நகரின் பெரிய கால்வாய் குவாய்மாஷேன் என்ற ஹுவார்ப்பே தலைவரின் பெயரையே இன்றும் தாங்கியிருக்கிறது.

1884ஆம் ஆண்டின் தண்ணீர்ச் சட்டம் இந்தப் பழைய ஏற்பாட்டை எழுத்தில் வடித்தது. ஒரு ஹெக்டேருக்கு வினாடிக்கு ஒன்றரை லிட்டர் என்பதை உச்சவரம்பாகக் கொண்ட அச்சட்டம், நீருரிமையை நிலத்தோடு பிணைத்தது. நிலத்தை விற்றவர் நீரையும் விற்றவரானாரே தவிர, நீரை மட்டும் பிரித்து விற்க இயலாது. ஒவ்வொரு வாய்க்காலுக்கும் பயனாளிகளே ஒரு கண்காணிப்பாளரைத் தேர்ந்தெடுத்தனர். மதகுகளைத் திறந்து முறைவைத்து நீர்விடும் 'தொமெரோ', தமிழக ஏரிப்பாசனத்தின் நீர்க்கட்டியை ஒத்தவர். மறு ஆண்டே புவெனஸ் அயர்ஸிலிருந்து ரயில்பாதை வந்துசேர்ந்தது; இத்தாலியப் பொறியாளர் செசாரே சிப்போலெட்டி மெண்டோசா ஆற்றில் அணை அமைத்தார்; இத்தாலியரும் ஸ்பானியருமான குடியேறிகள் மைப்பூ, கோடோய் க்ரூஸ் வட்டாரங்களில் பெரும் வைன் ஆலைகளை எழுப்பினர்.

ஆலை பெருகியதும் வாய்க்காலுக்குக் கழிவைச் சுமக்கும் இரண்டாவது வேலை வந்தது. வைனில் வெளியிலிருந்து நீர் சேர்ப்பதில்லை என்றாலும் தரை, பிழிபொறி, தொட்டி, மரப்பீப்பாய் ஆகியவற்றைக் கழுவுவதற்கு, ஆகும் வைனின் அளவை மிஞ்சிய நீர் செலவாவது வழக்கம். கழுவிய நீரில் தோல், விதை, மண்டி, சர்க்கரை, சாராயம், பழ அமிலம் எல்லாம் கலந்திருக்கும். இவற்றை உண்ணும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்த ஆக்சிஜனைத் தீர்த்துவிடுவதால் வாய்க்கால் நாறும். அறுவடைக் காலமான பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையில் இந்தக் கழிவு ஒருசேர வந்து குவியும். கீழ்மடைக்காரரின் பாசனமும் முடிந்திராத காலம் அது. ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நீர் என்பதை இத்தனை நுணுக்கமாக வகுத்த சமூகம், அது எப்படிப்பட்ட நீர் என்பதை அதே கூர்மையோடு கேட்க நெடுங்காலம் எடுத்துக்கொண்டது வியப்புக்குரியது. 1930களில் வைன் விலை சரிந்தபோது, 1934இல் அமைக்கப்பட்ட வைன் ஒழுங்குமுறை வாரியம் கொடிகளைப் பிடுங்கச் செய்ததோடு, விற்காத வைனையும் கொட்டிவிடச் செய்தது. நீராக வந்தது வைனாகவே மண்ணுக்குத் திரும்பியது எனலாம்.

1996இல் பாசனத் துறை பிறப்பித்த 778ஆம் எண் தீர்மானம், கழிவுநீர் விடுவதற்கு அனுமதியைக் கட்டாயமாக்கி, அதன் தன்மைக்கு அளவுவரம்புகளும் விதித்தது. ஆலைகள் வடிகட்டியும் குளங்களில் தேக்கியும் நீரைத் தெளியவைத்து மரத்தோப்புகளுக்குப் பாய்ச்சலாயின. சர்க்கரையையும் சாராயத்தையும் நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கும். தொட்டி கழுவப் பயன்படும் காஸ்டிக் சோடாவின் சோடியத்தை அவை தீண்டுவதில்லை. அது களிமண்ணை இறுகச் செய்து நீர் உட்புகாமல் தடுப்பதால், சோடாவுக்குப் பதிலாகப் பொட்டாசியக் காரத்தைக் கையாளும் வழக்கம் வைன் ஆலைகளில் புகுந்தது.