பிரெஞ்சு பட்டப் பாடமான வரலாறு: இங்கிலாந்தை மையமாகக் கொண்ட ஒரு நோக்கு

இன்று உலகின் பல பல்கலைக்கழகங்களிற் பிரெஞ்சு ஒரு சிறப்புப் பாடமாகப் பயிலப்படுகின்றது. அம்மொழியையும் அதன் இலக்கியத்தையும் கற்று ஒருவர் கலைமாணிப் பட்டம் பெறுவது எவருக்கும் வியப்பளிப்பதில்லை. ஆயின், இங்கிலாந்தின் பழம்பெரும் பல்கலைக்கழகங்களான ஒக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் பிரெஞ்சைப் பட்டத்துக்குரிய பாடமாக ஏற்று இன்னும் நூற்றைம்பது ஆண்டுகள் நிறைவுறவில்லை. ஐரோப்பிய அரசவைகளிலும் இராசதந்திரத்திலும் கோலோச்சிய ஒரு மொழி இத்துணைக் காலம் வாயிலிலே நிறுத்தப்பட்டமைக்குக் காரணம் யாது? எவ்வழியால் அது உள்ளே புகுந்தது? அதற்காகக் கொடுக்கப்பட்ட விலை யாது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதன் மூலம், ஒரு மொழி எவ்வாறு 'கல்வித்துறை' என்னும் தகுதியைப் பெறுகின்றது என்பதையும் விளங்கிக்கொள்ளலாம்.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்திலே பிரெஞ்சு கற்பிக்கப்படாமல் இருக்கவில்லை. 1685ஆம் ஆண்டில் நான்ற் சாசனம் நீக்கப்பட்டதும் பிரான்சிலிருந்து தப்பியோடிய புரட்டஸ்தாந்தருட் பலர் தம் தாய்மொழியைக் கற்பித்து வாழ்க்கை நடத்தினர். எனினும் பிரெஞ்சு ஆசிரியர் நடனமும் வாட்பயிற்சியும் கற்பிப்போரின் வரிசையிலேயே வைத்து எண்ணப்பட்டார். உயர்குடி இளைஞருக்கு அது ஓர் அணிகலன், அறிவுப்பயிற்சி அன்று. 1724இல் முதலாம் ஜோர்ஜ் மன்னர் இரு பல்கலைக்கழகங்களிலும் நவீன வரலாற்றுப் பேராசிரியர் பதவிகளை நிறுவியபோது, அவற்றோடு இணைத்து மொழி ஆசிரியர்களுக்கும் இடமளித்தார். அரசுக்கு இராசதந்திரிகள் தேவைப்பட்டமையே இதற்குக் காரணமாகும். 1788இல் மறைந்த கட்டடக்கலைஞர் சேர் றொபேட் டெய்லர் ஐரோப்பிய மொழிக்கல்விக்கென விட்டுச்சென்ற செல்வத்தைக் கொண்டு, ஒக்ஸ்போர்டில் டெய்லர் நிறுவனம் 1840களிலேதான் எழுந்தது. அங்கு 1854இல் நவீன ஐரோப்பிய மொழிகளின் பேராசிரியராக நியமிக்கப்பட்டவர், இருக்கு வேதப் பதிப்பாசிரியராக நம்மவர் நன்கறிந்த மக்ஸ் முல்லர் என்பது மனங்கொள்ளத்தக்கது. பேராசிரியர் இருந்தார், பட்டத்துக்குரிய பாடநெறி இருக்கவில்லை.

எதிர்ப்பாளரின் வாதங்கள் இரண்டாகும். இலத்தீனும் கிரேக்கமும் கடினமானவை; ஆதலின் அவை சிந்தையைப் பயிற்றுவன. வாழும் மொழியையோ சிறு குழந்தையும் செவிவழியே கற்றுவிடும் என்பது முதலாவது வாதம். இலக்கியச் சுவையைத் தேர்வினால் அளக்க இயலாது என்பது இரண்டாவது. 1887இல் நவீன ஐரோப்பிய மொழிகளுக்கான பாடநெறியொன்றை நிறுவும் யோசனை ஒக்ஸ்போர்டிலே தோல்வியுற்றது. அவ்விவாதத்தில் வரலாற்றுப் பேராசிரியர் எட்வேட் ஃபிறீமன், மொழியாராய்ச்சியினின்று பிரிந்த இலக்கியக் கல்வி வெறும் அரட்டையாகச் சீரழியும் என்ற கருத்தினை வற்புறுத்தினார்.

இத்தடையைத் தகர்க்கும் கருவி ஜேர்மனியிலிருந்து வந்தது. பொன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரெட்றிக் டீஸ், 1836ஆம் ஆண்டு தொடக்கம் வெளியிட்ட தமது இலக்கண நூலில், இலத்தீனிலிருந்து பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானியம் முதலியன ஒழுங்கான ஒலிமாற்றங்களினூடே கிளைத்த முறையை விளக்கினார். கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதியதும் இந்நூற்றாண்டின் இதே ஒப்பியல் அலையின் விளைவே எனலாம். டீஸின் நெறியைப் பொன் நகரிலே பயின்று திரும்பிய பிரெஞ்சு அறிஞர் கஸ்தோன் பரி, போல் மெயருடன் இணைந்து 1872இல் 'றொமானியா' ஆய்விதழைத் தொடங்கினார். இனிப் பிரெஞ்சு எளிதான பாடம் என்று எவரும் கூற இயலாத நிலை உருவாயிற்று. பழம்பிரெஞ்சுக் காப்பியமான 'றோலண்ட் பாடல்' 1837இல் முதன்முதலாக அச்சேறியது. அதன் மிகப் பழைய கைப்பிரதி இருந்த இடமோ ஒக்ஸ்போர்டின் பொட்லியன் நூலகம்!

இவ்வாறு கடினத்தன்மை நிறுவப்பட்ட பின்னரே கதவுகள் திறந்தன. கேம்பிரிட்ஜ் 1884இலும் ஒக்ஸ்போர்ட் 1903இலும் நவீன மொழிகளுக்குச் சிறப்புப் பாடநெறிகளை ஏற்படுத்தின. ஆனால், உயிருள்ள மொழி உயிரற்ற மொழியின் உடையை அணிந்தே உள்ளே நுழைந்தது. மத்தியகாலப் பிரதிகளும் ஒலிமாற்ற விதிகளும் பாடத்திட்டத்தில் முதன்மை பெற்றன, பேச்சுமொழி புறக்கணிக்கப்பட்டது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட சொல்வடிவத்தை ஆராயவல்ல பட்டதாரி, பாரிஸ் வீதியிலே வழிகேட்கத் தடுமாறக்கூடும் என்ற முரண்பாடு இதனால் தோன்றிற்று.

இப்பாடத்தை வளர்த்தோருட் பெண்களின் பங்கு தனித்து நோக்கற்பாலது. ஆண்களுக்குரிய பாடசாலைகளிற் போல இலத்தீனும் கிரேக்கமும் பெண்களுக்கு முறையாகக் கற்பிக்கப்படுதல் அரிதாயிருந்தது. பிரெஞ்சோ அவர்களுக்கு உகந்த அணிகலனாகக் கருதப்பட்டது. அந்த அணிகலனையே அவர்கள் அறிவுக்கருவியாக மாற்றினர். மில்ட்றெட் போப் ஒக்ஸ்போர்டின் சமவில் கல்லூரியிற் பயின்று 1893இல் முதல் வகுப்பிற் சித்தியடைந்தார். பெண் என்பதால் அவருக்குப் பட்டம் வழங்கப்படவில்லை. 1904இல் பாரிஸ் பல்கலைக்கழகம் அவருக்குக் கலாநிதிப் பட்டம் அளித்தது. பெண்களுக்குப் பட்டம் வழங்க ஒக்ஸ்போர்ட் இணங்கியது 1920இலேயே. இலத்தீனிலிருந்து நவீன பிரெஞ்சு வரையிலான வளர்ச்சியை ஆராயும் அவரது பெருநூல் 1934இல் வெளிவந்தது. அதே ஆண்டில் அவர் மான்செஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

வாழும் மொழியின் பெறுமதியை இறுதியில் உணர்த்தியது முதலாம் உலகப்போர் ஆகும். 1916இல் அரசு நியமித்த லீத்ஸ் குழு 1918இல் தன் அறிக்கையை வெளியிட்டது. மொழியோடு அந்நாட்டின் வரலாறு, நிறுவனங்கள், வாழ்க்கை ஆகியனவும் கற்கப்படல் வேண்டும். மாணவர் அங்கு சென்று வசித்தலும் வேண்டும் என அது கருதியது. அதே ஆண்டிலே ஆயுத வணிகர் பசில் சஹறொவ்வின் கொடையால் ஒக்ஸ்போர்டில் பிரெஞ்சு இலக்கியப் பேராசிரியர் பதவி நிறுவப்பட்டது. அது தளபதி ஃபொஷின் பெயரைத் தாங்கியது. அறிஞரின் வேண்டுகோள்கள் பல்லாண்டுகளாகச் சாதிக்காததைப் போர்க்களம் சில ஆண்டுகளிற் சாதித்தது எனின் மிகையாகாது.

பிரான்சிலும் நிலைமை பெரிதும் வேறுபட்டதன்று. அங்கு இலக்கியக் கலாநிதிப் பட்டத்துக்கு இரண்டாவது ஆய்வேட்டை இலத்தீனிலே எழுதும் கட்டாயம் 1903 வரை நீடித்தது. கிரேக்கத்தைச் சாராத நவீன இலக்கியத்துக்கென உயர் ஆசிரியத் தேர்வு ஏற்பட்டது 1959இலேயாம். தாய்நாட்டிலேயே பிரெஞ்சு தன் மூதன்னையின் நிழலில் நெடுங்காலம் நிற்க வேண்டியிருந்தது.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை தெளிவாகும். எந்தப் பாடம் பல்கலைக்கழகத்துக்கு உரியது என்பதை அப்பாடத்தின் இயல்பு மட்டும் தீர்மானிப்பதில்லை. அரசின் தேவையும், கல்விமான்களின் மதிப்பீடும், யாருக்கு எது கற்கத் தகும் என்ற சமூக எண்ணமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. கடினமானது என்று காட்டினாலன்றிப் பிரெஞ்சுக்கு அன்று இடமில்லை. பயனுள்ளது என்று காட்டினாலன்றி இடமில்லை என இன்று மொழித்துறைகளுக்குச் சொல்லப்படுகின்றது. அளவுகோல் மாறியுள்ளது, அதனைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்ற வினா மாறவில்லை. தாம் பயிலும் பாடம் எவ்வழியால் இங்கு வந்தது என்பதை அறிந்த மாணவரே அவ்வினாவைத் துணிந்து எழுப்ப வல்லவராவர்.