கணக்கரின் எண்: 5,242 கோடியே 88 லட்சம்

சோழ மன்னன் முதலாம் ராஜராஜன் காலத்து நில அளவையைப் பற்றி எழுதுவோர் ஒரு பேரெண்ணைச் சொல்லி வியப்பது வழக்கம். ஒரு வேலி நிலத்தை 5,242 கோடியே 88 லட்சம் கூறாக்கி, அதில் ஒரு கூறு வரைக்கும் அளந்து வரி விதித்தார்கள் என்பார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் இதற்கு ஆதாரம். இதை அளவுகோலின் பெருமையாகப் படிப்பது பொருந்தாது. இன்றைய வழக்கில் வேலி என்பது ஏறக்குறைய 6.67 ஏக்கர். அதை இந்த எண்ணால் வகுத்தால் கிடைப்பது அரைச் சதுர மில்லிமீட்டர். ஒரு நெல்மணி அதைவிடப் பெரிய இடத்தை மறைக்கும். கோல் பிடித்து எந்த வயலிலும் இதை அளந்திருக்க முடியாது. எண் பிறந்தது வயலில் அல்ல, ஓலையில்.

எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் இது தெளிவாகும். அதற்குள் 24 இரண்டுகளும் 5 ஐந்துகளும் மட்டுமே உள்ளன. மூன்றோ ஏழோ இல்லை. கீழ்வாயிலக்கம் எனும் தமிழ்ப் பின்ன முறையின் அமைப்பும் இதுவே: மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. அதற்கும் கீழே இறங்க, ‘கீழ்’ என்று சேர்த்து மறுபடி 320ஆல் வகுப்பார்கள், கீழ்முந்திரி 1/1,02,400. 320ஐ நான்கு முறை பெருக்கி, வந்ததை ஐந்தால் பெருக்கினால் நம் எண் அப்படியே வருகிறது. நீளத்தின் பின்னத்தை அகலத்தின் பின்னத்தால் பெருக்கும்போது இத்தகைய சிறுகூறுகள் தாமாகவே விழும்.

அளக்க முடியாததை எழுதுவது வீண் நுணுக்கம் அல்லவா என்று கேட்கலாம். கல்வெட்டின் கணக்கைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. ஊரின் மொத்த நிலத்தைச் சொல்லி, குடியிருப்பு, குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றைக் கழித்து, மீதியை வரிக்குரியதாகக் காட்டுகிறது. கழித்ததும் நின்றதும் கூடினால் மொத்தம் வர வேண்டும். துண்டு துணுக்கு என்று ஓரிடத்தில் விட்டால் கூட்டு இடிக்கும். விடலாம் என்றாகிவிட்டால், எவ்வளவு விடுவது என்பது எழுதுபவரின் விருப்பமாகிவிடும். பகுதியில் இரண்டும் ஐந்தும் மட்டும் இருப்பதால், எத்தனை முறை கூட்டிக் கழித்துப் பெருக்கினாலும் இந்தப் பின்னங்கள் மிச்சமின்றி முடியும். மூன்றில் ஒரு பங்கு நுழைந்திருந்தால் எத்தனை ‘கீழ்’ போட்டாலும் தீராது.

இந்தக் கணக்கு முறை சோழரோடும் காவிரிப் படுகையோடும் நின்றுவிடவில்லை. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் எண்சுவடி எனும் வாய்பாட்டு நூலை மனப்பாடம் செய்தார்கள். ஊர்க் கணக்கர்கள் மாவையும் காணியையும் முந்திரியையும் எழுதிவந்தார்கள். 1792இல் திப்பு சுல்தானோடு ஏற்பட்ட உடன்படிக்கையின்படி திண்டுக்கல் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. கிணற்றையும் குளத்தையும் மழையையும் நம்பிய அந்தச் சமவெளியில் புதிய கலெக்டர்களுக்கும் ஊர்க் கணக்கே அடிப்படை. கர்ணங்கள் எனப்பட்ட இந்த ஊர்க் கணக்கர்கள் நிலத்தை மறைத்தார்கள், ஆளுக்கேற்றபடி எழுதினார்கள் என்ற குற்றச்சாட்டு பழையது. அதில் உண்மையும் உண்டு. ஆனால் அந்தத் தவறு எந்த அளவை ஏட்டில் ஏற்றுவது என்பதில் நடந்தது, பின்னத்தில் அல்ல. ஏற்றிய அளவு எதுவானாலும், அதன்மேல் போட்ட கணக்கை இன்னொரு கணக்கர் கடைசிக் கூறு வரை சரிபார்க்க முடிந்தது. 1980இல் பரம்பரைக் கர்ணம் பதவி ஒழிந்தது நியாயமே; பிறப்பால் வந்த அதிகாரம் போக வேண்டியதுதான். அதற்காக அவர்கள் கையாண்ட கணிதத்தையும் கழித்துவிடக் கூடாது. சோழர் அளவையின் உண்மையான சாதனை, வரி கேட்பவரும் கொடுப்பவரும் ஒரே கணக்கைப் போட்டு ஒரே விடைக்கு வர முடிந்ததுதான்.