கழுத்தும் கையும்

அறுப்புக் காலத்தில் கதிர்க்கட்டைத் தலையில் சுமந்து களத்துக்கு ஓடுகிறவனுக்கு ஒரு நாள் பிடரியில் வலி கண்டுவிடும். தோளில் இறங்கும், விரல் மரத்துப்போகும். தஞ்சைச் சீமையில் இதற்கு ‘வாயு’ என்று பெயர். தைலக் கிண்ணத்தோடு ஒரு கிழவர் வருவார்.

அவருடைய வித்தை சித்த வைத்தியத்தில் தொக்கணம். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகை. பெயர்கள் ஏட்டில் ஏறின. எவ்வளவு அழுத்துவது என்பது ஏறுமா? 1798 முதல் 1832 வரை பட்டத்திலிருந்த இரண்டாம் சரபோஜி, தன்வந்திரி மஹாலில் நாட்டு வைத்தியத்தையும் மேல்நாட்டு வைத்தியத்தையும் சேர்த்து வளர்த்தார். கண் நோயாளிகளின் விவரங்கள் படத்தோடு இன்றும் சரஸ்வதி மஹாலில் இருக்கின்றன. கண்ணை வரையலாம், கையின் அழுத்தத்தை எந்தச் சித்திரக்காரன் வரைவான்?

விரல் மரத்த ரகசியம் பிற்பாடுதான் வெளிவந்தது. கழுத்தெலும்புகளுக்கு நடுவிலுள்ள வட்டு பிதுங்கி நரம்பின் வேரை நசுக்குவதையும், அந்த வலி மாரடைப்பாக வேஷம் போடுவதையும் 1943-ல் ஸெம்ஸும் மர்ஃபியும் அமெரிக்காவில் எழுதினார்கள். இன்று பிஸியோதெரபியில் கழுத்தை மெல்ல இழுத்து நரம்புக்கு இடம் தருகிறார்கள். நம் ‘இழுத்தல்’தான்! முறுக்கல் அப்படியல்ல. அந்த எலும்புகளின் துளை வழியாக மூளைக்கு ரத்தக்குழாய் போகிறது. வெடுக்கென்று திருப்பியதில் அது கிழிந்து பக்கவாதம் கண்டவர்கள் உண்டு.

எழுதி எழுதி எனக்கும் பிடித்துக்கொண்டது. க்ஷவரக் கடையில் ஒருவர் தலையைத் திருப்பிச் சொடக்கு எடுத்தார். மூன்று நாள் கை எழவில்லை. ஊர்க் கிழவரிடம் போனேன். பிடரியைத் தடவினார்.

“விரல் மரத்திருக்கா, தம்பி?”

“ஆமாம்.”

கிண்ணத்தை மூடிவிட்டார். “அப்போ நான் தொடமாட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போங்க.”